புள்ளியை நிறுத்திவிட்டேன்

அன்புள்ள சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், காட்டுப் பாதையில் நான் ஓட்டுகிற பைக்கும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கிடைக்கிற நேரத்தில் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வேறு எப்படி நினைப்பது, நீதான் போனை எடுப்பதில்லையே.

அப்பாவிடம் சொல்லிவிட்டு வைத்தாயாம், "அம்மா வண்டிய வித்த அன்னைக்குக் கூப்பிடச் சொல்லுங்க, பேசறேன்" என்று. அப்பா அதை அப்படியே என்னிடம் ஒப்பித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வது அவர் வழி. அது உனக்கும் வந்திருக்கிறது. எனக்கு வரவில்லை. போனைத் துண்டிக்கலாம், கடிதத்தைத் துண்டிக்க முடியாது, கிழித்துப்போடத்தான் முடியும். கிழிக்கும் முன் படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. ஆகையால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டியை விற்கவில்லை, விற்கப்போவதும் இல்லை. உன் போனில் என்னைக் காட்டிக்கொண்டிருந்த அந்தச் சிவப்புப் புள்ளி போன வாரத்திலிருந்து காணாமல் போயிருக்கும். கருவி கெட்டுப்போகவில்லை. நான்தான் நிறுத்தினேன். ஏன் என்று சொல்கிறேன், பொறு.

வீட்டுச் சேதி கொஞ்சம். அப்பா கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வைத்தாயிற்று. ஊராருக்கெல்லாம் பார்வை சோதித்துக் கண்ணாடி கொடுக்கிறவர் தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடுகிறார், நான் போனால்தான் கிடைக்கிறது. சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டியது, ஆள் வர நேரமாகும் என்றார்கள், நானே வாஷர் வாங்கி மாற்றிவிட்டேன். என் டிரைவிங் ஸ்கூலில் ரிட்டையரான பாங்க் மேனேஜர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். கிளட்சை விடுங்கள் என்றால் பிரேக்கை விடுகிறார், பிரேக்கை மிதியுங்கள் என்றால் என் முகத்தைப் பார்க்கிறார். ஆனாலும் நல்ல மனுஷன், ஒரு நாள் கூட வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை. எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீ சொன்ன பயிற்சியைத்தான் செய்கிறேன். நீ சொல்வதை நான் கேட்பதே இல்லை என்று உன் மாமாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாமே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இனி அந்த நாளைப் பற்றி. நீ உன் பக்கத்தை மாமாவிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டாய். என் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. நான் போகிற இடத்தைச் சேட்டிலைட் வழியாக உனக்குப் புள்ளியாகக் காட்டுகிற அந்தக் கருவியை என் பிறந்தநாளுக்கு அனுப்பி வைத்தபோது போனில் என்ன சொன்னாய்? "விலை உயர்ந்ததும்மா, தண்ணி படாம பத்திரமா வச்சுக்கோ" என்றாய். முதல் சில பயணங்களில் பையின் வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போனேன். புள்ளி நகர்ந்தது, நீயும் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்குக் கிளம்பும்போது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. விலை உயர்ந்த பொருள், மழை வேறு, நம் வீட்டில் பத்திரமாக வைப்பது என்றால் எதில் வைப்போம்? எவர்சில்வர் டப்பாவில். நன்றாகத் துடைத்து, துணியில் சுற்றி, டப்பாவில் வைத்து, மூடியை அமுக்கி மூடிப் பையின் அடியில் வைத்தேன். வானத்தில் இருக்கிற சேட்டிலைட்டுக்கு எவர்சில்வர் மூடியைத் தாண்டிப் பார்க்கத் தெரியாது என்று நீயும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கிளம்பிக் கொஞ்ச தூரம் வரை வெளியே இருந்ததால் அதுவரை புள்ளி போயிருக்கிறது. முதல் தூறல் விழுந்ததும் வண்டியை நிறுத்தி உள்ளே வைத்தேன் பார், அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. அந்த இடம் உன் மேப்பில் பள்ளத்தாக்கின் விளிம்பு. அங்கே உட்கார்ந்து அதைப் பார்த்த நீ பயந்துபோயிருப்பாய், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்குப் போன் போட்டிருக்கிறாய், காட்டுக்குள் ஏது சிக்னல். உடனே மாமாவைக் கூப்பிட்டாய். அங்கேதான் தப்பு செய்தாய், வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்.

உன் மாமா எதையாவது அரைகுறையாகச் செய்து பார்த்திருக்கிறாயா? மீட்புக் குழுவைக் கூப்பிட்டு, தன் ஆபீஸில் பாதிப் பேரைக் கிளப்பி, என் ஸ்கூலுக்குப் போன் போட்டு அங்கிருந்தவர்களையும் வரச் சொல்லிவிட்டான். நாங்கள் மூன்று பேரும், அதாவது நானும் பல் டாக்டரம்மாவும் பேக்கரிக்காரரும், காது வரை சேற்றோடு, பேக்கரிக்காரர் ஓடைக்குள் வண்டியை விட்ட கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு பாதை முடிகிற இடத்துக்கு வந்தால், அங்கே ஜீப் நிற்கிறது, ஸ்ட்ரெச்சர் நிற்கிறது, உன் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறான். பாங்க் மேனேஜர் தன் காரை மொத்த தூரமும் இரண்டாவது கியரிலேயே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார், இன்ஜின் புகைகிறது. மீட்புக் குழுத் தலைவர் என் பையை வாங்கி, டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்தார். உள்ளே கருவி பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு சாவகாசமாக இருக்கிறது. அவர் சிரிக்கவில்லை, அவருடைய ஆட்கள் திரும்பி நின்று சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று, சுண்டு. வேலை வெட்டியை விட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மறுநாளே மீட்புக் குழுவின் ஆபீஸுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன், பேக்கரிக்காரர் ஒரு கூடை பன் கொண்டுவந்தார்.

ஆனால் அதற்காக வண்டியை விற்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? தப்பு டப்பாவில் இருந்தது, வண்டியில் இல்லை. அன்று சாயங்காலமே மாமா நம் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இனிமேல் நீ வண்டி எடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஷெட்டில் ஆணியில் தொங்கிய சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனான். உன்னிடமும் "சாவி என்கிட்டதான் இருக்கு, கவலப்படாத" என்று பெருமை அடித்துக்கொண்டானாம். காட்டுப் பாதை வண்டிக்குச் சாவி கிடையாதடி. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும். அவன் கொண்டுபோனது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் பூட்டுச் சாவி. அப்பாவுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும், இருவரும் மூச்சு விடவில்லை. தொட்டி கழுவுகிற அன்றைக்குத்தான் அவன் வீட்டுக்கு நடக்க வேண்டியதாயிற்று.

உன் பயத்தை நான் கேலி செய்யவில்லை. உன் வேலை அப்படி. எலும்பு நொறுங்கி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறாய், அதில் பைக்காரர்கள்தான் அதிகம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். ஆனால் ஒன்று யோசித்துப் பார். விழுந்தவர்கள் மட்டும்தான் உன் வார்டுக்கு வருகிறார்கள். வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு, குளித்து, வயிறாரச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்குகிறவர்கள் உன்னிடம் வந்து நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று சொல்வதில்லை. நான் இந்த வயதில் வேகத்துக்காகவா போகிறேன்? வாரம் முழுக்க அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் காலைப் பார்த்து, அடுத்தவர் செய்கிற தப்புக்கு என் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் நான் ஓட்டுகிறேன். அதை யாருக்காகவும் விட மாட்டேன், உனக்காகவும் விட மாட்டேன். நீ தனியாக அவ்வளவு தூரம் போகிறேன் என்றபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னேனா?

வண்டியை விற்பதற்குப் பதில் என்ன செய்தேன் தெரியுமா, வழி காட்டுகிற ஜிபிஎஸ் வாங்கக் கடைக்குப் போனேன். பல் டாக்டரம்மாவும் வந்தார். கடைக்காரன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, யாருக்கு வேண்டும், பையனுக்கா என்றான். எனக்குத்தான் என்றேன். உடனே கழுத்தில் மாட்டிக்கொள்கிற ஒரு பெரிய பட்டனை எடுத்து வைத்து, வீட்டில் தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு நல்லது, விழுந்தால் அமுக்கலாம் என்றான். நான் விழுவதற்கு வரவில்லை தம்பி, போவதற்கு வந்திருக்கிறேன் என்றேன். டாக்டரம்மா அவனுடைய கடைவாய்ப் பல் சொத்தை என்று அங்கேயே சொல்லிவிட்டார். அப்புறம் ஒழுங்காகக் காட்டினான். முதலில் பளபளவென்று ஒரு பெரிய தொடுதிரை ஜிபிஎஸ். என் கையுறையைப் போட்டுக்கொண்டு தொட்டேன், அது அசையவில்லை. அவனிடம் கொஞ்சம் தண்ணீர் வாங்கி இரண்டு சொட்டு விட்டேன், மேப் தன்பாட்டுக்கு எங்கேயோ ஓடியது. மழையில் என் ஊரை விட்டு வேறு ஊருக்குக் கூட்டிப்போகிற ஜிபிஎஸ் எனக்கு எதற்கு. பட்டன் வைத்ததுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, கண்ணாடியைப் போல் மின்னாத திரையாகப் பார்த்து, அதை வாசலுக்குக் கொண்டுபோய் உச்சி வெயிலில் படிக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். மேப் முழுக்க உள்ளேயே ஏற்றி வைத்திருக்கிறது, சிக்னல் தேவையில்லை. போன வழியைக் கோடாகப் போட்டு வைக்கும், திரும்பி வர அந்தக் கோட்டையே பிடித்துக்கொள்ளலாம். போனையே ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ளலாமே என்று நீ கேட்பாய். டாக்டரம்மா மாட்டினார், வண்டி குலுங்கிய குலுக்கலில் அந்தப் போனில் இப்போது எடுக்கிற படத்தில் யாருக்கும் முகம் இல்லை.

ரேடியோதான் பெரிய ரகளை. ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பேசுகிற இன்டர்காமை முதலில் கடன் வாங்கிப் பார்த்தோம். பக்கத்தில் இருக்கும்போது அழகாகக் கேட்கிறது, பக்கத்தில் இருந்தால் நான் கத்தியே பேசிவிடுவேனே. ஒரு மேடு குறுக்கே வந்ததும் ஊமையாகிவிடுகிறது. பிறகு வாக்கி டாக்கி. அதில் வாயைத் திறந்தாலே தானாகப் பேச்சு போகிற வசதி ஒன்று இருக்கிறது, கை வேண்டாமே என்று ஆசைப்பட்டு அதைப் போட்டோம். டாக்டரம்மாவுக்கு வண்டி ஓட்டும்போது கல்லையும் பள்ளத்தையும் திட்டுகிற பழக்கம் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆடாமல் இரு, வாயை மூடு, இன்னும் கொஞ்சம்தான் என்று பாதை முழுக்க பேஷண்டிடம் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டு வந்தார். ஒருவர் பேசினால் மற்றவர் பேச முடியாதே. பெட்ரோல் குழாய் கழன்று நின்ற பேக்கரிக்காரர் தொண்டை கிழியக் கூப்பிட்டும் எங்களுக்குக் கேட்டதெல்லாம் வாயை மூடு என்பதுதான். அன்றோடு அந்த வசதியை நிறுத்தி, இடது கைப்பிடியில் கட்டைவிரல் எட்டும் இடத்தில் பேசுகிற பட்டனைக் கட்டிவிட்டோம். அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். உரிமம் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நேரில் போய் விசாரித்து, வேண்டாததையே வாங்கினோம், உன் மாமா அதிலும் வந்து மூக்கை நுழைப்பான் என்று தெரியும். வாய் பேச முடியாத இடத்தில் பட்டனை இரண்டு முறை தட்டினால் கேட்கிறது என்று அர்த்தம், எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். கிளம்பும் முன் மூவரும் ஒரே சேனலில் இருக்கிறோமா என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசிப் பார்க்காமல் யாரும் ஹெல்மெட் மாட்டுவதில்லை.

கடைசியாக, நீ அனுப்பிய கருவி. அதனோடு வந்த குட்டிப் புத்தகத்தை அப்பா கடையில் உட்கார்ந்து, அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு முழுக்கப் படித்தேன். அதில் புள்ளி காட்டுவது ஒரு வேலைதான். அதிலிருந்து செய்தி அனுப்பலாம், வருகிற செய்தியைப் படிக்கலாம், உயிர் போகிற ஆபத்து என்றால் மூடியைத் திறந்து ஒரு பட்டனை அமுக்கி மீட்புக் குழுவையே கூப்பிடலாம். நீ புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டாய். இப்போது அதைத் தோள்பட்டையில், வானத்தைப் பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறேன். வண்டியில் கட்டக் கூடாது, வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் விழுந்தால் கருவி என் பக்கம்தான் இருக்க வேண்டும். கணக்கை உன் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன், புள்ளியை நிறுத்தினேன். கோபப்படு, பரவாயில்லை. ஆனால் நான் கேட்பதற்குப் பதில் சொல். அந்தப் புள்ளி வருவதற்கு முன்னால் ஞாயிறு சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவாய். எங்கே போனாய், என்ன பார்த்தாய், மூட்டு வலிக்கிறதா, சாப்பிட்டாயா என்று கேட்பாய். நானும் உன் வார்டில் நடந்ததைக் கேட்பேன். புள்ளி வந்த பிறகு நீ கூப்பிடவே இல்லை. அப்பா கேட்டதற்கு, அதான் அம்மா வீட்டுக்கு வந்துட்டான்னு போன்லயே தெரியுதே என்றாயாம். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று உனக்குத் தெரிந்தது. அதோடு உனக்குப் போதுமாகிவிட்டது. எனக்குப் போதவில்லை. என்னை மேப்பில் வைத்துப் பார்த்துக்கொள்கிற மகள் எனக்கு வேண்டாம், திட்டுவதற்காவது கூப்பிடுகிற மகள்தான் வேண்டும்.

இப்போது சொல்லப்போவதை நீ அடுத்தவர் சொல்லிக் கேட்கக் கூடாது. போன ஞாயிறு காட்டில் ஒரு விபத்து. பதறாதே, எனக்கில்லை. பழைய கல்குவாரியைச் சுற்றி இறங்குகிற பாதையில் நான் முன்னால், டாக்டரம்மா நடுவில், பேக்கரிக்காரர் கடைசி. எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாதை பிரிகிற இடத்தில், பின்னால் வருகிறவரின் விளக்கைக் கண்ணால் பார்க்காமல் முன்னால் இருப்பவர் நகரக் கூடாது, ஜிபிஎஸ் இருந்தாலும் சரி, ரேடியோ இருந்தாலும் சரி. பனி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவின் விளக்கு வந்தது, பேக்கரிக்காரரின் விளக்கு வரவில்லை. பட்டனை அமுக்கிக் கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். டப், டப் என்று இரண்டு தட்டு கேட்டது. எனக்கு உயிர் வந்தது. கொஞ்சம் பொறுத்துக் குரல் வந்தது, "உக்காந்திருக்கேன்மா. வண்டி கீழ கெடக்கு. கால் மட்டும் என்னோடது மாதிரி இல்ல" என்றார். வலியில் பூட்ஸின் பக்கிளில் கை வைத்துவிட்டாராம், கழற்றிப் பார்க்கலாம் என்று. நான் போட்ட சத்தத்தில் கல்குவாரியே எதிரொலித்தது. கழட்டாதீங்க, தொடவே தொடாதீங்க என்றேன். அது யார் சொல்லிக்கொடுத்தது? நீதான். எப்போதோ நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பூட்ஸைக் கழற்றிவிட்டு வருகிறவர்களால் உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று போனில் அரை மணி நேரம் புலம்பினாயே, அது என் மண்டையில் அப்படியே இருந்திருக்கிறது.

வந்த கோட்டைப் பிடித்துத் திரும்பிப் போய் அவரிடம் சேர்ந்தோம். கணுக்கால் பார்க்கிற மாதிரி இல்லை, முகம் வெளுத்துவிட்டது, பனியில் நடுங்குகிறார். நடத்திக்கொண்டு வர முடியாது, தூக்கவும் முடியாது, அவர் பேக்கரி வைத்திருப்பவர் என்பது பார்த்தாலே தெரியும். என் ஜாக்கெட்டையும் அவருக்குப் போர்த்திவிட்டு, மூடியைத் திறந்து அந்தப் பட்டனை அமுக்கினேன். ஒருமுறை ஊரைக் கூட்டிவிட்டு மறுபடியும் கூப்பிட வேண்டுமே என்று ஒரு நொடி யோசித்தேன், அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அமுக்கிவிட்டேன். அப்பாவுக்கும் செய்தி போயிருக்கிறது. அவரிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது, "யாருக்கு?" என்று. பேக்கரிக்காரருக்கு, கால் என்று போட்டேன். "சரி. அவங்க வீட்டுக்கு நான் போறேன்" என்றார். கடையை அப்படியே மூடிவிட்டுப் போய், பேக்கரிக்காரரின் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் நின்றார். உன் மாமாவுக்கு மறுநாள்தான் தெரியும். மீட்புக் குழு கீழ்ப் பாதை வழியாகத் தேடாமல் கொள்ளாமல் நேராக எங்கள் காலடிக்கு வந்தது. அதே தலைவர்தான். என் தோளில் இருந்த கருவியைப் பார்த்துவிட்டு, டப்பாவைக் கொண்டுவரலையா அம்மா என்றார். நானும் சிரித்தேன், பேக்கரிக்காரரும் அந்த வலியில் சிரித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், பூட்ஸ்தான் எலும்பை இடம் மாறாமல் பிடித்து வைத்திருந்தது, யார் கழற்ற வேண்டாம் என்றது என்று கேட்டார். "என் பொண்ணு" என்றேன். இப்போது அவர் காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து மாவு பிசைகிறவர்களை அதட்டிக்கொண்டிருக்கிறார், எப்போது மறுபடி கிளம்பலாம் என்று தினமும் போன் வேறு.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அன்று பட்டனை அமுக்கியதும் திரையில் யார் யாருக்குச் செய்தி போயிற்று என்று வந்தது. அப்பா பெயருக்கு நேரே, கிடைத்தது என்று இருந்தது. அதற்கு மேலே, முதல் இடத்தில் உன் பெயர். அதற்கு நேரே, சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது என்று இருந்தது. நான் உன் பெயரைப் போட்ட அன்றே கருவிக் கம்பெனிக்காரர்கள் உன்னிடம், ஆபத்து நேரத்தில் உங்களுக்குத் தெரிவிக்கலாமா என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். என் மேல் இருந்த கோபத்தில் நீ அதைத் திறக்கவே இல்லை. நீ ஆமாம் என்று சொல்லும்வரை உனக்கு எதுவும் போகாதாம். பனியில் உட்கார்ந்து அதைப் படித்தேன், அழுதுவிட்டேன். பேக்கரிக்காரர் தனக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து, ஒண்ணும் ஆகாதும்மா என்று என்னைத் தட்டிக்கொடுத்தார். நான் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவள் இந்தக் குடும்பத்தில் நீ ஒருத்திதான். மாமாவுக்கு அழத்தான் தெரியும். டாக்டரம்மா தன் தங்கையின் எண்ணைத் தருகிறேன், அந்த இடத்தில் போடு என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

வருகிற ஞாயிறு நானும் டாக்டரம்மாவும் கிளம்புகிறோம். நீ பேசினாலும் கிளம்புவேன், பேசாவிட்டாலும் கிளம்புவேன். ஏறும்போது ஒரு செய்தி, இறங்கியதும் ஒரு செய்தி அனுப்புவேன், நடுவில் என்னைப் பார்த்துக்கொண்டு உட்காராதே, உன் வேலையைப் பார், தூங்கு. எண்ணெய்ப் பலகாரம் குறைத்துக்கொள், தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே, அங்கே குளிர் என்று அப்பா சொல்கிறார். உடம்பும் மனசும் திடமாக இருந்து நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாதே, அந்தச் செய்தி இன்னும் உன் போனில்தான் இருக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், என்னோடு சமாதானம் ஆக வேண்டும் என்றுகூட இல்லை. போடாவிட்டால் அந்த முதல் இடம் காலியாகவே இருக்கட்டும், அதில் உன் பெயரைத் தவிர வேறு பெயரைப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
வண்டியை விற்காத உன் அம்மா